காசு போனால் போகட்டும், பிரஷர் பார்த்தார்களா என்று கேளுங்கள்

அரசு ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குச் சேர்க்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். புகார் விசாரணையில் இருப்பதால் பெயர் போடவில்லை. தென் மாவட்டத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று, அவ்வளவுதான்.

தங்கைக்குச் சுகப்பிரசவம், பெண் குழந்தை. துணியில் சுற்றிக் கொண்டுவந்த ஆயா குழந்தையைக் கையில் தரவில்லை. "மகாலட்சுமி வந்திருக்கா, சந்தோஷமா குடுங்கக்கா" என்று நின்றார். ஆண் பிள்ளை என்றால் ரேட் கூடவாம், பக்கத்துப் பாட்டி சொன்னது. ஜிபே பண்ணவா என்றேன். "அதெல்லாம் வேணாம், கையில குடுங்க." ஜிபேயில் பெயரும் நேரமும் நிற்கும் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். அப்புறம் ஸ்ட்ரெச்சர் தள்ளியவர், பெட்ஷீட் போட்டவர் என்று வரிசையாக வந்தார்கள்.

2011லிருந்து ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் சிசேரியன் உட்பட எதற்கும் ஒரு பைசா வாங்கக் கூடாது. மருந்து, ரத்தம், ஸ்கேன், சாப்பாடு, வீட்டில் கொண்டுவிடும் 102 வண்டி எல்லாமே இலவசம். இது ஊரறிந்த கதை. இதற்காக மட்டும் நான் பதிவு போட்டிருக்க மாட்டேன்.

மறுநாள் காலையில் தங்கைக்கு மண்டையைப் பிளக்கும் வலி. "கண்ணு மங்கலாத் தெரியுதுக்கா" என்றாள். சிஸ்டரிடம் சொன்னால், "ராத்திரி தூங்கலல்ல, அதான்." பக்கத்துக் கட்டில் பாட்டி, பச்சை உடம்பில் காற்று பட்டிருக்கும், காதில் பஞ்சு வை என்றார். நான் கேஸ் ஷீட்டைப் புரட்டினேன். பிரஷர் கட்டத்தில் 120/80, அதற்குக் கீழே 120/80, அதற்கும் கீழே 120/80. ஒரே பேனா, ஒரே சாய்வு. இன்னும் வராத மத்தியான நேரத்துக்கும் சேர்த்து எழுதியிருந்தது! ராத்திரி முழுக்க நான் அங்கேதான் இருந்தேன். அவள் கையில் யாரும் பட்டை சுற்றவே இல்லை. போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

வார்டில் வந்த ஒரு ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி டாக்டர்) பெண்ணை நிறுத்திச் சொன்னேன். பட்டையில் வெல்க்ரோ போய்விட்டிருந்தது. ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டே பார்த்தார். 170/110. மறுபடியும் பார்த்தார், அதே. பேசாமல் ஓடினார். வலிப்பு வராமல் இருக்க மெக்னீசியம் ஊசி போட்டு உடனே வேறு வார்டுக்கு மாற்றினார்கள். அன்று மத்தியானம் அவளை டிஸ்சார்ஜ் செய்வதாக இருந்தார்கள், கட்டில் வேண்டுமாம். சுகப்பிரசவமானாலும் 48 மணி நேரம் வைத்திருக்க வேண்டும் என்பது அரசே போட்ட விதி.

கர்ப்பத்தில் பிரஷர் சரியாக இருந்தவர்களுக்கும் பிரசவத்துக்குப் பிறகு ஏறலாம். ஆறு வாரம் வரை கவனம் வேண்டும். விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்றில் வலி, முகம் வீங்குவது இதில் எது வந்தாலும் பஞ்சு வைக்காதீர்கள், பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். 140/90 தாண்டினாலே டாக்டர் வர வேண்டும். 160/110 என்றால் ஒரு நிமிடமும் தள்ளக் கூடாது.

தங்கை பிழைத்து வந்தாள். புகார் கொடுக்கப் போனால், "தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க, அப்புறம் என்னம்மா?" என்றார் அதிகாரி. கேஸ் ஷீட் நகல் கேட்டதற்குக் கோர்ட்டுக்குத்தான் தருவார்களாம். மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகளில் நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்று இருப்பதை எழுதிக் கொடுத்த பிறகு, இழுத்தடித்து ஒரு நகல் வந்தது. அதில் அந்தப் பக்கமே வேறு. 118/76, 122/80, 126/84 என்று எண்கள் அழகாக ஏறி இறங்குகின்றன. என் போனில் இருக்கும் படம் வேறு கதை சொல்கிறது.

அந்த வார்டில் ஒரு சிஸ்டருக்கு எத்தனை கட்டில் என்று பார்த்தால் அவர் ஏன் இப்படி எழுதினார் என்பது பாதி புரியும். ஆள் போடாதவர்கள் மேல்தான் என் கோபம் அதிகம். ஆனால் பக்கத்தை மாற்றி எழுதியது ஆள் பற்றாக்குறையால் அல்ல. 2018-20 கணக்கில் லட்சம் பிரசவத்துக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தபோது தமிழ்நாட்டில் 54 பேர். நல்ல எண்தான். இப்படிப் பேனாவிலேயே பிரஷர் பார்த்தால் அது எத்தனை நாளைக்கு நிற்கும்?

இதே மாதிரி அனுபவப்பட்ட சில குடும்பங்கள் சேர்ந்து கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்திருக்கிறோம். ஒவ்வொரு வார்டுக்கும் வேலை செய்கிற பிரஷர் மெஷின், ராத்திரி ஷிஃப்ட்டுக்குக் கூடுதல் சிஸ்டர், லேபர் வார்டுக்குள் துணைக்கு ஒரு பெண், வாசலில் "பணம் கேட்டால் புகார் செய்க" போர்டு, கேட்ட அன்றே கேஸ் ஷீட் நகல். துணைக்கு ஆள் விடச் சொல்லி 2016லேயே மத்திய அரசு சொல்லிவிட்டது, எங்களை மட்டும் "உள்ள இடமில்ல" என்று கதவைச் சாத்தினார்கள். முதல்வர் உதவி மைய எண் 1100லும் பதிந்தாயிற்று. "நடவடிக்கையில் உள்ளது" என்று மெசேஜ் வந்திருக்கிறது.

உங்களிடமும் கேஸ் ஷீட் படம் இருந்தால் இன்பாக்ஸில் அனுப்புங்கள். தாயின் பெயரையும் ஐ.பி. (உள்நோயாளி) நம்பரையும் மறைத்துவிடுங்கள், தேதியும் வார்டும் தெரிந்தால் போதும். வரும் திங்கள் மறுபடி போகிறோம்.