எழுத்து மாற்றுக் குறியீடும் கணிதமும்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஒவ்வொரு எழுத்துக்கும் பதில் வேறொன்றைப் போட்டு எழுதிய ஆங்கில ரகசியச் செய்திகளைக் கணக்குப் போட்டே உடைப்பது பல வருடங்களாக என் பொழுதுபோக்கு. எந்த முறை கடைசிவரை கைகொடுக்கிறது என்று கேட்டால், எனக்குத் தயக்கமே இல்லை: நான்கெழுத்துத் துண்டுகளுக்கு மதிப்பெண் போடுவதுதான்.

எல்லா எழுத்தையும் ஒரே அளவு தள்ளிப் போடும் சீசர் முறையில் 25 நகர்த்தல்களையும் பார்த்துவிட்டால் வேலை முடிந்தது. எழுத்துகளை இஷ்டத்துக்குக் கலைத்தால் சாவிகள், அதாவது எந்த எழுத்துக்கு எது என்று சொல்லும் பட்டியல்கள், 26 ஃபேக்டோரியல் (26×25×24 என்று 1 வரை பெருக்கினால் வருவது). 4-க்குப் பின்னால் 26 சைபர் போட்ட எண்ணையும் தாண்டிவிடும். ஆனால் எழுத்து வேஷம் மாறினாலும் அது வரும் எண்ணிக்கை மாறாது. அந்த எண்ணிக்கையை வைத்தே எழுத்தை அடையாளம் காணலாம்; 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தின் அறிஞர் அல்-கிந்தி எழுதிவைத்த வழி இது. ஆங்கிலத்தில் 'ஈ' சுமார் 12.7%, 'டி' 9%. அதற்குக் கீழே 'ஓ', 'ஐ', 'என்', 'எஸ்' எல்லாம் நெருங்கி நிற்பதால், சின்னச் செய்தியில் எண்ணிக்கையை மட்டும் நம்ப முடியாது.

அங்கேதான் நான்கெழுத்து முறை ஜெயிக்கிறது. நீளமான ஆங்கில உரை ஒன்றில் ஒவ்வொரு நான்கெழுத்துத் தொடரும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, அந்த நிகழ்தகவின் லாக் (மடக்கை) மதிப்பை எடுத்துவைக்க வேண்டும். ஒரு சாவியால் செய்தியைப் பிரித்து, அதில் வரும் நான்கெழுத்துத் தொடர்களின் லாக் மதிப்புகளைக் கூட்டினால் அந்தச் சாவியின் மதிப்பெண். அப்புறம் ஏதோ ஒரு சாவியில் தொடங்கி, இரண்டு எழுத்துகளை இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். மொத்த மதிப்பெண் ஏறினால் மாற்றம் நிற்கட்டும், இறங்கினால் பழைய சாவிக்கே திரும்பலாம். மாற்றிப் பார்க்க ஒரு சாவிக்கு 325 ஜோடிகள்தான். எந்த ஜோடியை மாற்றியும் ஏறவில்லை, ஆனால் படித்தால் அர்த்தமும் வரவில்லை என்றால், வேறொரு சாவியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். குப்பையாகக் கிடந்த வரியில் முழுச் சொற்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வருவதைப் பார்க்கும் சந்தோஷம் எனக்கு இன்னும் குறையவில்லை.

உரையில் ஒருமுறைகூட வராத தொடருக்குச் சைபர் கொடுக்காதீர்கள். அதற்கு லாக் கிடையாது, கணக்கு அப்படியே நின்றுவிடும். மிகச் சிறிய மதிப்பு ஒன்றைக் கொடுத்தால் போதும்.

குறை என்றால் நீளம்தான். அமெரிக்கக் கணிதவியலாளர் ஷானன் 1949-இல் வெளியிட்ட கோட்பாட்டின்படி கணக்கிட்டால், ஒரே விடை உறுதிப்பட ஏறக்குறைய 28 எழுத்துகளாவது வேண்டும். அதற்குக் கீழே, பொருள் தரும் பல விடைகள் வரலாம், எது சரி என்று கணிதம் சொல்லாது. நூறு எழுத்துக்கு மேல் இருந்தால்தான் நான் நிம்மதியாக உட்காருவேன்.

தொடங்கும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். செய்தியிலிருந்து கண்ணை மூடி இரண்டு எழுத்துகளை எடுத்தால் இரண்டும் ஒன்றாக இருக்கும் வாய்ப்பைக் கணக்கிடுங்கள். 1920-களில் அமெரிக்கக் குறியீட்டு நிபுணர் ஃபிரீட்மன் உருவாக்கிய அளவுகோல் இது. சாதாரண ஆங்கிலத்தில் வரும் 0.067-ஐ ஒட்டி வந்தால் தாராளமாக இறங்கலாம். நீளமான செய்தியிலும் 0.04 பக்கம் வந்தால் அது விஜெனேர் போலப் பல சாவி வரிசைகள் மாறிவரும் குறியீடாக இருக்கலாம். அதற்கு இந்த முறையை அப்படியே போட்டால் எத்தனை மணி நேரம் ஓடவிட்டாலும் எதுவும் கிடைக்காது.