பிரெஞ்சு நிகழ்கால வினை: அட்டவணையா, காதா, பன்மையிலிருந்து இறங்குவதா?

'பார்லே' என்றால் பேசுவது. இந்த வினையை நிகழ்காலத்தில் எழுத நோட்டில் ஆறு கட்டம் போடுகிறோம். அந்த ஆறில் எழுத்து வடிவம் ஐந்துதான். வாயில் வருவதோ மூன்றே மூன்று: பார்ல், பார்லோன், பார்லே. ஒழுங்கான பிரெஞ்சு வினைகளைப் படிப்பதில் வரும் குழப்பம் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. எழுத்தைப் பிடித்துக்கொண்டு தொடங்குவதா, ஒலியைப் பிடித்துக்கொண்டு தொடங்குவதா? இரண்டுக்கும் நடுவே அதிகம் பேசப்படாத மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது.

முதலில் ஒலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். தமிழ் எழுத்தில் இருப்பது உத்தேச ஒலிதான். 'ஓன்', 'ஆன்' என்று முடியும் இடங்களில் 'ன்'னை நாக்கால் தொடாமல், உயிரெழுத்தை மட்டும் மூக்கில் விட வேண்டும்.

| யார் | பேசு | முடி | வில் |
|---|---|---|---|
| ஜ (நான்) | பார்ல் | ஃபினி | வான் |
| த்யு (நீ) | பார்ல் | ஃபினி | வான் |
| இல், எல் (அவன், அவள்) | பார்ல் | ஃபினி | வான் |
| நூ (நாம், நாங்கள்) | பார்லோன் | ஃபினிஸோன் | வாந்தோன் |
| வூ (நீங்கள்) | பார்லே | ஃபினிஸே | வாந்தே |
| இல், எல் (அவர்கள்) | பார்ல் | ஃபினிஸ் | வாந்த் |

அட்டவணை வழி

எல்லாப் பாடப்புத்தகமும் இதில்தான் தொடங்கும். 'பார்லே' போல எழுத்தில் ஈ-ஆர் என்று முடியும் வினையின் அந்தக் கடைசி இரண்டு எழுத்துகளை வெட்டிவிட்டு, வரிசையாக ஈ, ஈ-எஸ், ஈ, ஓ-என்-எஸ், ஈ-இஸட், ஈ-என்-டி சேர்க்க வேண்டும். பிரெஞ்சு வினைகளில் பத்துக்கு ஒன்பது இந்த வகை. புதிதாகப் பிறக்கும் வினைகளும் இதில்தான் வந்து சேர்கின்றன. அதனால் இந்த ஆறு விகுதிகளையும் ஒரே மாலையில் மனப்பாடம் செய்துவிட்டால், ஆயிரக்கணக்கான வினைகளை எழுதிவிடலாம். எழுத்துத் தேர்வுக்கு இதைவிடக் குறுக்குவழி கிடையாது. தமிழ்நாட்டில் பிளஸ் ஒன்னில் மொழிப்பாடமாகப் பிரெஞ்சைப் புதிதாக எடுக்கும் மாணவர்கள் இதையே நம்புவதில் நியாயம் இருக்கிறது.

கெடுதல் எங்கே என்றால், கண்ணில் பட்டதை நாக்கு படிக்கத் தொடங்கிவிடும். 'அவர்கள் பேசுகிறார்கள்' என்பதன் கடைசி ஈ-என்-டி முழு ஊமை, ஆனால் மாணவர் 'இல் பார்லான்' என்பார். வேறு சொற்களில் அதே மூன்றெழுத்துக்கு 'ஆன்' என்ற மூக்கொலி உண்டு என்பதால், இது லேசில் திருந்தாத தவறு. பிரெஞ்சுக்காரர்களே இதற்கு ஒரு பழைய வாக்கியம் வைத்திருக்கிறார்கள்: 'லெ பூல் த்யு கூவான் கூவ்'. மடத்துக் கோழிகள் அடைகாக்கின்றன என்று அர்த்தம். 'மடம்' என்ற பெயர்ச்சொல்லும் 'அடைகாக்கின்றன' என்ற வினையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. பெயர்ச்சொல் 'கூவான்', வினை வெறும் 'கூவ்'.

இன்னொரு இழப்பு நமக்கே உரியது. தமிழில் 'பேசுகிறேன்' என்றாலே 'நான்' அதற்குள் இருக்கிறது. விகுதி ஆளைக் காட்டிவிடுவதால் 'நான்', 'நீ' எல்லாம் விருப்பம்போல விடலாம். அட்டவணையைப் பார்க்கும் தமிழ்க் கண்ணுக்கு, பிரெஞ்சு விகுதியும் அதே வேலையைச் செய்வதுபோலத் தெரிகிறது. செய்வதில்லை. காதில் 'பார்ல்' என்று மட்டும் விழுந்தால் நானா, நீயா, அவளா, அவர்களா என்று தெரியாது. அதனால் கட்டளை வாக்கியம் தவிர வேறெங்கும் 'ஜ', 'த்யு', 'இல்' இவற்றை விட முடியாது.

காது வழி

இதில் எழுத்தை ஒத்திப்போடுகிறோம். ஈ-ஆர் வினைக்கு ஒரே விதி: வினையடி அப்படியே நிற்கும், 'நூ' வந்தால் 'ஓன்', 'வூ' வந்தால் 'ஏ'. பேச்சில் 'நூ'வுக்குப் பதிலாக 'ஒன்' என்ற சொல்லே பெரும்பாலும் புழங்குகிறது. அதற்கு 'அவன்' வடிவம்தான் வரும்: ஒன் பார்ல். ஆக, சாதாரணப் பேச்சுக்கு 'பார்ல்', 'பார்லே' என்ற இரண்டு ஒலியே போதும். முதல் வாரத்திலேயே வாய் திறக்க வைக்கும் வழி இது.

உயிரெழுத்தில் தொடங்கும் வினைகளில் காது வழிக்கு இன்னும் மதிப்பு கூடுகிறது. 'ஏமே' என்றால் நேசிப்பது. 'அவன் நேசிக்கிறான்' என்பது 'இலேம்'. 'அவர்கள் நேசிக்கிறார்கள்' என்றால் நடுவில் இஸட் ஒலி வந்து 'இல்ஸேம்' ஆகிறது. ஒருமை பன்மை வேறுபாடு முழுவதும் அந்த ஒரு இஸட்டில் இருக்கிறது. அட்டவணையில் அது கண்ணுக்கே தெரியாது. 'நான்' என்பதும் இங்கே சுருங்கி வினையோடு ஒட்டிக்கொள்ளும்: ஜேம்.

அட்டவணைக்காரர்கள் விதிவிலக்கு என்று தனியாக எழுதிவைக்கும் வினைகளுக்கும் காது காரணம் சொல்லும். 'மான்ஜே' (சாப்பிடு) 'நூ'வோடு வரும்போது நடுவில் ஒரு ஈ கூடுதலாக ஏறுகிறது. அந்த ஈ இல்லாவிட்டால், ஓ-வுக்கு முன்னால் நிற்கும் ஜி எழுத்து 'க' ஒலியாக மாறிவிடும். 'கொமான்ஸே' (தொடங்கு) வினையில் சி எழுத்தின் அடியில் வால் போடுவதும் இதே காரணத்தால்தான். 'அஷ்தே' (வாங்கு) வினையில் நான், நீ, அவன், அவர்கள் என்ற நான்குக்கும் 'அஷெத்'. நூ, வூ இரண்டுக்கும் 'அஷ்தோன்', 'அஷ்தே'. விகுதி ஊமையாக இருக்கும் நான்கு இடங்களில் அழுத்தம் வினையடியின் கடைசி உயிர்மேல் விழுவதால், அந்த உயிர் திறந்து ஒலிக்கிறது. அதைக் காட்டத்தான் ஈ-யின் மேல் சாய்கோடு. 'அப்லே' (கூப்பிடு) வினையில் சாய்கோட்டுக்குப் பதில் எல் எழுத்து இரட்டிக்கிறது, வேலை ஒன்றுதான்.

காது வழி சறுக்கும் இடம் எழுத்து. 'பார்லே' என்று கேட்டால் அது வூ வடிவமா, அகராதியில் உள்ள மூலவடிவமா, 'பேசிய' என்ற இறந்தகால எச்சமா? மூன்றும் ஒரே ஒலி. பிரெஞ்சுப் பள்ளிக் குழந்தைகளும் இங்கே தடுக்கி விழுகிறார்கள். அவர்களுக்குக் கற்றுத்தரும் தந்திரம், அந்த இடத்தில் 'வாந்த்ர்' (வில்) வினையை வைத்துப் பார்ப்பது. 'வாந்த்ர்' பொருந்தினால் மூலவடிவம், 'வாந்த்யு' பொருந்தினால் எச்சம், 'வாந்தே' பொருந்தினால் வூ வடிவம். நாமும் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

பன்மையிலிருந்து இறங்கும் வழி

எழுத்தில் ஐ-ஆர் என்று முடியும் 'ஃபினீர்' (முடி), ஆர்-ஈ என்று முடியும் 'வாந்த்ர்' போன்ற வினைகளுக்கு இதுவே சிறந்தது என்பது எங்கள் உறுதியான கருத்து. 'அவர்கள்' வடிவத்தை முதலில் படியுங்கள். அதன் கடைசி மெய்யொலியை விட்டால் ஒருமை மூன்றும் கைக்கு வந்துவிடும். ஃபினிஸ், ஃபினி. வாந்த், வான். 'அவர்கள்' வடிவத்தோடு 'ஓன்', 'ஏ' ஒட்டினால் நூ, வூ இரண்டும் தயார்.

வழக்கமான அட்டவணை ஒருமையில் தொடங்குகிறது. அப்போது 'ஃபினி'யிலிருந்து 'ஃபினிஸோன்' போக ஐ-எஸ்-எஸ் எங்கிருந்தோ முளைத்த மாதிரி இருக்கும். அதை விதியாகத் தனியே மனப்பாடம் செய்ய வேண்டும். மேலிருந்து கீழே வந்தால் எதுவும் முளைப்பதில்லை, கழிவது மட்டுமே.

இதன் பெரிய லாபம் ஒழுங்கான வினைகளைத் தாண்டியும் கிடைக்கிறது. 'பார்தீர்' (புறப்படு), 'தோர்மீர்' (தூங்கு) இரண்டும் ஐ-ஆரில் முடிந்தாலும் 'ஃபினீர்' வழியில் போகாதவை. மூலவடிவத்தை வெட்டி ஒட்டுகிறவர் 'ஜ பார்தி' என்று சொல்லிவிடுவார். அப்படி ஒரு வடிவம் பிரெஞ்சில் உண்டு; ஆனால் அது 'புறப்பட்டேன்' என்ற இலக்கிய நடை இறந்தகாலம்! பன்மையைத் தெரிந்தவருக்குச் சிக்கல் இல்லை: பார்த், பார். தோர்ம், தோர். 'எழுது' வினைக்கு எக்ரீவ், எக்ரீ.

எல்லை எங்கே என்பதையும் சொல்ல வேண்டும். ஈ-ஆர் வினைக்கு இது வேண்டாம். அங்கே மெய் கழிவதில்லை. 'ஊவ்ரீர்' (திற) ஐ-ஆரில் முடிந்தும் நிகழ்காலத்தில் ஈ-ஆர் விகுதிகளையே எடுக்கும். 'ப்ரான்த்ர்' (எடு) பார்வைக்கு 'வாந்த்ர்' மாதிரி இருந்தாலும், பன்மையில் 'ப்ரென்', ஒருமையில் மூக்கொலியோடு 'ப்ரான்'. இங்கே மெய் கழிவதோடு உயிரும் மாறுகிறது.

புத்தகம் மாற்றும்போது வகைப்பெயரும் குழப்பும். ஆங்கில வழிப் புத்தகங்களில் ஆர்-ஈ வினைகள் ஒழுங்கான மூன்றாம் வகை. பிரான்ஸ் நாட்டு இலக்கணத்திலோ ஒழுங்கான வகை இரண்டே; 'வாந்த்ர்' மூன்றாம் குழுவில், ஒழுங்கற்றவற்றோடு உட்கார்ந்திருக்கும். வினை ஒன்றுதான், அடுக்கும் அலமாரிதான் வேறு.

எதை எப்போது

எழுத்துத் தேர்வு மட்டும் என்றால் அட்டவணையே போதும். டெல்ஃப் ஏ1 என்ற தொடக்கநிலைப் பிரெஞ்சுத் தகுதித் தேர்வு எழுதுகிறவருக்குப் போதாது. அதில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25 மதிப்பெண். 100-க்கு 50 எடுத்தால் தேர்ச்சி, எந்தப் பகுதியிலும் 5-க்குக் குறையக் கூடாது. பாதி மதிப்பெண் காதிலும் வாயிலும் இருக்கிறது.

எங்கள் வரிசை இது: ஈ-ஆர் வினைகளைக் காதால் தொடங்குங்கள். ஐ-ஆர், ஆர்-ஈ வினைகளைப் பன்மையிலிருந்து இறக்குங்கள். அட்டவணையைக் கடைசியில், எழுத்துக்கூட்டலைச் சரிபார்க்க மட்டும் எடுங்கள். ஒரு நாளைக்கு எட்டு வினை போதும். ஒவ்வொன்றையும் முதலில் 'அவர்கள்–அவள்' ஜோடியாக ஐந்து முறை உரக்கச் சொல்லி, பிறகு நூ, வூ சேர்க்க வேண்டும். அதன்பின் ஆறு வடிவத்தையும் எழுதி, ஊமை எழுத்துகளின் கீழ் பென்சிலால் கோடு போட வேண்டும். 'பார்லே' வினைக்கு நான்கு வடிவங்களில் கடைசி விகுதி முழுவதும் கோட்டின் மேல் இருக்கும். நூ வடிவத்தில் கடைசி எஸ்ஸும், வூ வடிவத்தில் கடைசி இஸட்டும் மட்டும் கோட்டில் நிற்கும். 'வாந்த்ர்' வினையில் ஒருமை மூன்றிலும் டெல்லிக்கு எழுதும் டி ஊமையாகக் கோட்டின் மேல் வரும். அவன், அவள் வடிவம் அந்த டியோடு முடிந்துவிடும், அதற்குப் பின்னால் டென்னிஸுக்கு எழுதும் டியைச் சேர்க்கக் கூடாது. 'ஃபினீர்' வினையின் அவன், அவள் வடிவத்தில்தான் அந்த டி கடைசியில் வர வேண்டும்.