நோட்புக்எல்எம்: நீளமான வகுப்பு வீடியோக்களுக்கு நல்ல துணை

பொறியியல் மேற்படிப்புக்கான கேட் (GATE) நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் சிவில் இன்ஜினியர் நான். பகலெல்லாம் சைட் வேலை, இரவில்தான் என்பிடெல் (NPTEL) என்ற இணையப் பாடத் திட்டத்தின் வீடியோ வகுப்புகள். ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் அருமையான பாடங்கள், ஆனால் நீளம் அதிகம். கூகுளின் ஏஐ கருவியான நோட்புக்எல்எம் (NotebookLM) எனக்குக் கைகொடுப்பது இங்கேதான். யூடியூப் இணைப்பை ஒட்டினால் போதும், வீடியோவின் பேச்சை எழுத்தாகப் படித்து, கேட்டதற்குப் பதில் சொல்கிறது.

நான் சுருக்கம் கேட்பதே இல்லை. அதைப் படித்தால் புரிந்த மாதிரி இருக்கும், கணக்குப் போட உட்கார்ந்தால் கை ஓடாது. குறிப்பாகக் கேட்க வேண்டும். உதாரணமாக, உத்தரத்தை வெட்டப் பார்க்கும் விசை ஷியர் ஃபோர்ஸ், அதை வளைக்கப் பார்ப்பது பெண்டிங் மொமெண்ட்; இவற்றைப் பற்றி இப்படிக் கேட்பேன்: "ஷியர் ஃபோர்ஸ் பூஜ்யமாகும் இடத்தில் பெண்டிங் மொமெண்ட் ஏன் உச்சத்துக்குப் போகிறது?" மொமெண்டின் சரிவுதான் ஷியர், சரிவு பூஜ்யமானால் அங்கே உச்சம் என்று பதில் வரும், கூடவே ஒரு சிறு எண். அதை அழுத்தினால் பேராசிரியர் பேசிய வரிகளே தெரியும். அதில் இரண்டு சொல்லை யூடியூபின் டிரான்ஸ்கிரிப்டில் தேடி, சரியாக அந்த நிமிடத்துக்குப் போய், அவர் படம் வரைவதை முழுதாகப் பார்க்கிறேன். தமிழில் கேட்டால் தமிழிலேயே விளக்குகிறது. தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

ஆனால் இதற்குக் கரும்பலகை தெரியாது. "இதை அங்கே போடுங்கள்" என்று ஆசிரியர் சமன்பாட்டைச் சுட்டும் இடம் இதற்கு வெறும் சொல்தான். சப்டைட்டில் இல்லாத வீடியோவும் ஏறாது. அதனால் கணக்கு வரும் பகுதிகளை நோட்டைத் திறந்து வைத்து, நிறுத்தி நிறுத்தி, கையால் எழுதியே படிக்கிறேன். தியரிக்கு மட்டும் இதை விடமாட்டேன். அப்புறம், என் தேவைக்கு இலவசக் கணக்கே தாராளம்.