வெள்ளவத்தையில் நான் நம்பிப் போகும் பெற்றோல் செட்

காலி வீதியில் இருக்கிற இந்தச் சின்ன செட்டில்தான் எட்டு வருடமாக என் ஓட்டோவுக்குப் பெற்றோல் அடிக்கிறேன். அளவு சரி. மீற்றர் பூச்சியத்தில் நிற்பதை "பாருங்க அண்ணே" என்று காட்டிவிட்டுத்தான் அடிப்பார்கள், சந்தேகம் என்றால் அளவைப் பாத்திரத்தில் ஊற்றியும் காட்டுவார்கள். காற்றுக்குக் காசு இல்லை.

ஆனால் நான் இதை எழுதக் காரணம் 2022 எரிபொருள் தட்டுப்பாடு. ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அறிவிப்பதற்கு முன்பே இரண்டு இரவு ஓட்டோவுக்குள்ளேயே படுத்துக் கிடந்தேன். வேறொரு செட்டில் தெரிந்தவர்களுக்குப் பின்பக்கத்தால் போனது. இங்கே இலக்கத் துண்டு கொடுத்து வரிசைப்படி மட்டும் விட்டார்கள். அந்த இரவுகளில் காசாளர் அங்கிள் பிளேன்ரீ ஊற்றித் தந்துகொண்டு எண்ணெய்க் கதை சொன்னார். கொலன்னாவை எண்ணெய்க் களஞ்சியத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்.

1962இல் இலங்கை வெளிநாட்டு எண்ணெய் நிறுவனங்களின் சொத்துகளைச் சுவீகரித்தது, நட்டஈட்டுத் தகராறில் 1963இல் அமெரிக்கா உதவியை நிறுத்தியது. "எங்களுக்குக் காசை நிறுத்தினாங்க தம்பி, வளைகுடாவுக்குக் கப்பலே போச்சு" என்றார். பாரசீக வளைகுடாவை வெளிச் சக்தி எதுவும் பிடிக்க முயன்றால் இராணுவ பலத்தாலும் தடுப்போம் என்று 1980 ஜனவரியில் அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டர் பகிரங்கமாகவே சொன்னார், 1987இல் குவைத் எண்ணெய்க் கப்பல்களுக்கு அமெரிக்கக் கொடியேற்றி அமெரிக்கக் கடற்படையே காவலுக்குப் போனது.

1991 குவைத் போரும் எண்ணெய்க்காக மட்டும்தான் என்று அங்கிள் சொன்னதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. குவைத் என்ற நாட்டை ஈராக் விழுங்கியது, ஐ.நா. பாதுகாப்புச் சபையும் 678ஆம் தீர்மானத்தில் அனுமதி கொடுத்தது. ஆனால் அந்த மண்ணுக்குக் கீழே எண்ணெய் இல்லாதிருந்தால் அத்தனை படை அத்தனை வேகமாகத் திரண்டிருக்காது, அதில் எனக்கும் சந்தேகம் இல்லை. 2003 ஈராக் போரோ வேறு கதை: படையோடு உள்ளே போக அமெரிக்கா காரணமாகச் சொன்ன பேரழிவு ஆயுதங்கள் கிடைக்கவே இல்லை, போர் தொடங்கும்போது பீப்பாய் முப்பது டொலர் அளவில் இருந்த எண்ணெய் 2008 ஜூலையில் 147ஐத் தொட்டது. விலை ஏறியதற்குக் காரணம் பல இருக்கலாம், ஆனாலும் படை போனதால் எண்ணெய் மலிந்தது என்று யாரும் சொல்ல முடியாது. செத்தது ஈராக் சனம். 2022இல் நாட்டில் டொலர் இல்லாமல் கொழும்பில் வரிசையில் நின்றவனுக்கு வளைகுடா எண்ணெய்க்கு அமெரிக்கா கொடுத்த அந்தப் 'பாதுகாப்பு' ஒரு லீற்றர்கூடத் தரவில்லை, எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, குறை ஒன்று: வாசல் குறுகல், பள்ளிக்கூட நேரத்தில் திருப்பவே முடியாது. கார்ட் இயந்திரமும் சில நாள் வேலை செய்யாது, கையில் காசு கொண்டு போங்கள். அங்கிள் பின்னேரம் ஐந்துக்குப் பிறகு இருப்பார்.