குடிநீர்ச் சேவையின் பொது உடைமை: சாதாரணச் சட்டமா, அரசியலமைப்புப் பிரிவா?

குடிநீர், கழிவுநீர்ச் சேவைகள் பொது உடைமையாகவே நீடிக்க வேண்டும் என்பதில் உடன்படுகிறவர்கள்கூட, அந்தக் காப்பை எங்கே எழுதி வைப்பது என்பதில் பிரிந்து நிற்கிறார்கள். நாடாளுமன்றம் இயற்றும் சாதாரணச் சட்டமே போதும் என்கிறது ஒரு தரப்பு. அரசியலமைப்பில் இடம்பெற வேண்டும் என்கிறது மற்றொன்று. பல நாடுகளின் அனுபவத்தைப் படித்த பின் நான் இரண்டாவது தரப்பில் சேர்ந்தேன்.

சாதாரணச் சட்டத்தை விரைவில் இயற்றலாம், பிழை இருந்தால் எளிதில் திருத்தலாம். நெதர்லாந்து 2004இல் இந்த வழியிலேயே குடிநீர் வழங்கலில் தனியாருக்கு இடமில்லாமல் செய்தது. கட்சிகளிடையே உறுதியான உடன்பாடு இருக்கும் நாட்டில் இதற்கு மேல் தேவைப்படாமலும் போகலாம்.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்விதான்: இந்தக் காப்பை நீக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுத்துறையில் இருந்த பத்து வட்டார நீர் அமைப்புகள் 1989இல் தனியார்மயமாவதற்கு நாடாளுமன்றப் பெரும்பான்மையே போதுமானதாக இருந்தது. அயர்லாந்தின் 2014ஆம் ஆண்டுச் சட்டம், நீர் நிறுவனத்தை விற்க முனையும் எந்த அரசும் முதலில் மக்கள் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்கிறது. படிக்கும்போது வலுவாகத் தோன்றினாலும், அந்த நிபந்தனையே ஒரு சாதாரணச் சட்டப்பிரிவு என்பதால், பின்னால் வரும் நாடாளுமன்றம் எளிய பெரும்பான்மையால் அதை நீக்கிவிட முடியும். நியூசிலாந்தில் 2022இல் தனியார்மயத்துக்கு எதிரான பிரிவை மாற்ற நாடாளுமன்ற உறுப்பினர்களில் 60 விழுக்காட்டினரின் ஆதரவு வேண்டும் என்று நீர்ச் சேவைச் சட்டத்தின் மசோதாவிலேயே சேர்த்தார்கள். சாதாரணக் கொள்கை ஒன்றுக்கு அத்தகைய பூட்டுப் போடுவது முறையல்ல என்று அரசியலமைப்பு அறிஞர்கள் எதிர்த்ததால் சில நாட்களிலேயே அது கைவிடப்பட்டது. 2024இல் புதிய அரசு அந்தச் சட்டத்தையே ரத்து செய்தது.

இத்தாலியின் அனுபவம் இன்னும் தெளிவானது. 2011 ஜூனில் நடந்த வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர், நீர் உள்ளிட்ட உள்ளாட்சிச் சேவைகளைத் தனியார்மயத்தை நோக்கித் தள்ளிய விதிகளை நீக்கச் சொன்னார்கள். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த அவசர ஆணை, நீரை மட்டும் விலக்கிவிட்டு, மற்ற சேவைகளுக்கு ஏறத்தாழ அதே விதிகளை மீட்டது. 2012இல் அதை ரத்து செய்த அரசியலமைப்பு நீதிமன்றம், மக்கள் வாக்கெடுப்புக்கு அரசியலமைப்பு தரும் மதிப்பையே அடிப்படையாகக் கொண்டது. இறுதியில் காத்தது அரசியலமைப்புதான்.

உருகுவே இந்தச் சிக்கலை வேரிலேயே தீர்த்தது. 2004 அக்டோபர் 31 அன்று ஏறத்தாழ 64 விழுக்காட்டினர் ஏற்ற திருத்தத்தின்படி, அரசியலமைப்பின் 47ஆம் பிரிவு குடிநீர், கழிவுநீர்ச் சேவைகளை அரசு அமைப்புகள் மட்டுமே நேரடியாக வழங்க வேண்டும் என்கிறது. மக்களிடம் மீண்டும் கேட்காமல் அதை மாற்ற முடியாது. வெளியேறும் நிறுவனங்களுக்கு, இன்னும் ஈடுசெய்யப்படாத முதலீடு மட்டுமே திருப்பித் தரப்படும், இழந்த எதிர்கால லாபத்துக்கு இழப்பீடு கிடையாது என்ற ஏற்பாடும் அந்தத் திருத்தத்திலேயே இருந்தது. தொலைநோக்குள்ள அந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். ஸ்லோவேனியா 2016இல் நாடாளுமன்றத்தின் வழியாகத் தன் அரசியலமைப்பில் குடிநீர் பற்றிய 70அ பிரிவைச் சேர்த்தது. அதன் வலிமையைச் சோதிக்கும் அளவுக்கு இன்னும் காலம் செல்லவில்லை என்பதால் அதைச் சான்றாக அழுத்திச் சொல்லத் தயங்குகிறேன்.

அரசியலமைப்புப் பிரிவால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. 2023 வறட்சியில் உருகுவேயின் தலைநகரான மான்டெவிடியோ மக்களின் குழாய்களில் உப்பேறிய நீர் வந்தது; முதலீட்டையும் நீர்த்தேக்கத்தையும் எந்தப் பிரிவும் உருவாக்கித் தராது. ஈக்வடாரின் 2008ஆம் ஆண்டு அரசியலமைப்பு நீரைத் தனியார்மயமாக்குவதைத் தடை செய்தபோதும், குயாக்கில் நகரில் நீர்ச் சேவையை நடத்தத் தனியார் நிறுவனத்துக்கு முன்பே வழங்கப்பட்ட ஒப்பந்தம் தொடர்ந்தது. ஆகவே பிரிவின் சொற்களில்தான் உழைப்பு தேவை: ஏற்கெனவே உள்ள ஒப்பந்தங்களின் கதி என்ன, கட்டுமானத்தைத் தனியாருக்குத் தரலாமா, அயர்லாந்தின் கிராமப்புறங்களில் உள்ளவை போன்ற, மக்களே நடத்தும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களும் சொந்தக் கிணறுகளும் தடைக்குள் சிக்குமா என்பவற்றை, வாக்கெடுப்புக்கு முன்பே வரைவில் எழுதிவிட வேண்டும்.