ஏரின் ஆஸ்திரேலியப் பயணக் குறிப்புகள்: மறுபதிப்பு வாங்குமுன் பார்க்க வேண்டியவை

எட்வர்டு ஜான் ஏர் என்ற ஆங்கிலேயர் 1840-41இல் ஆஸ்திரேலியாவின் தெற்குக் கரையில் உள்ள அடிலெய்டிலிருந்து கிளம்பி மேற்கே ஆல்பனி வரை போன கதையை அவரே எழுதி, 1845இல் லண்டனில் டி. அண்ட் டபிள்யூ. பூன் இரண்டு பாகமாக வெளியிட்டார்கள். (வந்தவாசிச் சண்டையில் ஜெயித்த ஏர் கூட் வேறு ஆள். தேடும்போது இரண்டு பேரும் கலந்துதான் வருவார்கள்.) பழைய பிரதிக்காக அல்லிக்குளம் வளாகத்துக் கடைகளில் அலைய வேண்டாம். ஆன்லைனில் கிடைப்பது பெரும்பாலும் ஆர்டர் வந்த பிறகு அச்சடித்து அனுப்பும் மறுபதிப்புதான். பெரம்பூர் முகவரிக்கு வந்த அப்படி ஒரு பிரதியைப் பற்றிய மதிப்புரை இது. பதிப்பகத்தின் பெயர் வேண்டாம். இந்தத் தொழிலில் பலரிடமும் இதே குறைகள்தான்.

ஏமாறும் முதல் இடம் பாக எண். அட்டைப் படத்தில் தலைப்பு மட்டும் இருக்கும், 'முதல் பாகம்' என்பது விவரக்குறிப்பின் அடியில் எங்கோ இருக்கும். பக்க எண்ணிக்கையைப் பாருங்கள். மூலத்தில் இரண்டு பாகமும் சேர்ந்து தொள்ளாயிரம் பக்கத்தைத் தாண்டும். பொடி எழுத்தில் நெருக்காத பிரதி நானூற்றுச் சொச்சம் பக்கம் என்றால் அது பாதிப் புத்தகம். முதல் பாகத்தை மட்டும் வாங்கினால் ஏர் ஆல்பனிக்கே போய்ச் சேரமாட்டார்.

அடுத்தது, பக்கத்தை அப்படியே படமெடுத்து அச்சடித்ததா, கணினி எழுத்தை அடையாளம் கண்டு திரும்பக் கோத்ததா என்பது. மாதிரிப் பக்கம் காட்டினால் உடனே தெரிந்துவிடும். படமெடுத்ததில் எழுத்து கொஞ்சம் மங்கலாக, வரி லேசாகச் சாய்ந்து இருக்கும். ஆனால் பிழை இருக்காது. கோத்தது பார்க்கப் பளிச்சென்று இருக்கும், படிக்க உட்கார்ந்தால்தான் வம்பு. பக்கத் தலைப்பு வாக்கியத்தின் நடுவில் வந்து உட்காரும், அடிக்குறிப்பு பத்தியோடு ஒட்டிக்கொள்ளும், தேதியில் ஒன்றும் பூஜ்யமும் எழுத்தாக மாறிவிடும். நாள் கணக்கில் நகரும் புத்தகத்தில் தேதி போனால் எல்லாம் போச்சு. இரண்டாம் பாகத்தின் பின்பகுதியில் பழங்குடி மக்களைப் பற்றிய நீண்ட ஆய்வு வருகிறது. அதற்கு அத்தியாய எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். இது தெரியாமல் கோத்த பிரதிகளில் பொருளடக்கம் குழம்பிக் கிடக்கும். படமெடுத்த பதிப்பையே வாங்குங்கள். வெறும் வாசிப்புக்கு என்றால் குட்டன்பர்க் மின்நூலகத் தளத்தில் இலவசமாகவே இருக்கிறது, பிழையும் குறைவு.

வரைபடம்தான் பெரிய நஷ்டம். மூலத்தோடு வந்தது ஆரோஸ்மித் தயாரித்த மடிப்பு வரைபடம். ஸ்கேன் செய்தவர்கள் மடித்தபடியே படமெடுத்திருக்கிறார்கள், ஆகவே நமக்குக் கிடைப்பது ஒரு மூலையும் மடிப்பு நிழலும். ஃபவுலர்ஸ் பேயிலிருந்து ஆல்பனி வரை கடற்கரையை விரலால் தொடர முடியாவிட்டால் பயணத்தில் பாதி விளங்காது. இணையத்தில் அந்த வரைபடத்தின் நல்ல ஸ்கேன் ஒன்றைத் தேடி எடுத்து, பாரிமுனைப் பக்கம் கட்டட பிளான் பிரின்ட் போடும் கடையில் ஏ2 அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். ஏ4இல் ஊர்ப் பெயர்கள் தெரியாது.

இத்தனை பாடுபட்டு வாங்க என்ன இருக்கிறது? தண்ணீர். 1841 ஏப்ரல் 29 இரவு, ஏரின் மேற்பார்வையாளர் பாக்ஸ்டரை, கூட வந்த பழங்குடி இளைஞர்கள் இருவர் சுட்டுக் கொன்றுவிட்டு, துப்பாக்கிகளோடும் உணவோடும் ஓடிவிடுகிறார்கள். தரை முழுக்கப் பாறை, குழி தோண்ட வழியில்லை. உடலைப் போர்வையில் சுற்றி வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதாகிறது. மிச்சம் இருந்தது 40 பவுண்டு மாவு, 4 காலன் தண்ணீர், கொஞ்சம் டீ, சர்க்கரை. 4 காலன் என்றால் 18 லிட்டர். நம் தெருவில் வந்து இறங்கும் ஒரு கேன் தண்ணீரைவிடக் குறைவு. அதற்கு முன்னால் ஒரு விடியற்காலையில் இலைகளில் படிந்த பனியை ஸ்பாஞ்சால் ஒற்றிப் பிழிகிறார். ஒரு மணி நேரத்தில் ஒரு குவார்ட் (குவார்ட்டர் இல்லை), அதாவது ஒரு லிட்டருக்குச் சற்று மேல். கூட வந்த பையன்கள் ஸ்பாஞ்சுக்குப் பதில் கைப்பிடிப் புல்லை வைத்தே அதைச் செய்கிறார்கள். தண்ணீர் எங்கே, எவ்வளவு, எப்படி என்று எழுதும்போதெல்லாம் ஏரின் கை நேர்மையாக இருக்கிறது.

மறுபதிப்பின் பின்னட்டையில் வைலியின் பெயரே இல்லை. ஆல்பனிப் பக்கத்து நூங்கார் இளைஞரான வைலிதான் கடைசிவரை கூட நடந்தவர். ஜூனில் ரோசிட்டர் என்ற ஆங்கிலேயர் தலைமையில் வந்த 'மிசிசிப்பி' என்ற பிரெஞ்சுத் திமிங்கில வேட்டைக் கப்பல் கண்ணில் படாமல் இருந்திருந்தால் இருவரும் தப்பியிருப்பது சந்தேகம். ஜூலை 7 அன்று ஆல்பனியை அடைந்தார்கள். வைலிக்கு அது வீடு திரும்பல், ஏருக்குக் கண்டுபிடிப்பு.

பின்னட்டை ஒளிக்கும் இன்னொன்று இன்னும் பெரியது. இரண்டாம் பாகத்தின் அந்த ஆய்வில், நிலத்தையும் நீர்நிலையையும் பறித்தது வெள்ளையர், மோதலுக்கு முதல் காரணமும் அதுவே என்று ஏர் எழுதுகிறார். 1845க்கு அது துணிச்சல்தான். ஆனால் அவர் சொல்லும் தீர்வைக் கவனமாகப் படியுங்கள்: மாவும் போர்வையும் கொடுத்தே கட்டுக்குள் வைப்பது. இரக்கமும் அதிகாரமும் ஒரே கையில் இருக்கின்றன.

அந்தக் கை பிறகு ஆளத் தொடங்கியது. நியூசிலாந்து, செயின்ட் வின்சென்ட், கடைசியில் ஜமைக்கா. 1865 அக்டோபர் 11 அன்று பால் போகல் தலைமையில் மோரன்ட் பேயில் கறுப்பின விவசாயிகளின் கலகம் வெடித்தது. ராணுவச் சட்டம் போட்டு ஆளுநர் ஏரின் படைகள் 439 பேரைக் கொன்றன, 600க்கு மேற்பட்டவர்களுக்குச் சவுக்கடி, ஆயிரம் வீடுகள் எரிந்தன. ராணுவச் சட்டம் இல்லாத கிங்ஸ்டனில், ஏரை எதிர்த்துவந்த சட்டமன்ற உறுப்பினர் ஜார்ஜ் வில்லியம் கார்டனைப் பிடித்து, சட்டம் அமலில் இருந்த மோரன்ட் பேக்குக் கப்பலில் கொண்டுபோய் 23ஆம் தேதி தூக்கிலிட்டார்கள். இங்கிலாந்தில் ஏரைத் தண்டிக்கச் சொல்லி ஜான் ஸ்டூவர்ட் மில், டார்வின் ஒரு பக்கம், அவரைக் காக்க கார்லைல், டிக்கன்ஸ் மறுபக்கம் என்று பிரிந்து நின்றார்கள். ஏருக்குத் தண்டனை இல்லை. 1874இல் ஓய்வூதியமே கிடைத்தது. ஆளுநர்கள் இப்படித் தீவு தீவாக மாறிப்போவது நமக்கும் புதிதல்ல. 1856இல் ராயபுரம் ரயில் நிலையத்தைத் திறந்துவைத்த சென்னை ஆளுநர் ஹாரிஸ் பிரபு, இங்கே வருமுன் திரினிடாடில் ஆளுநர். ஜமைக்கா 1969இல் போகலையும் கார்டனையும் தேசிய நாயகர்கள் ஆக்கியது. ஏரின் பெயர் தாங்கிய ஏரி 2012 முதல் 'கட்டி தண்டா - லேக் ஏர்'. பின்னட்டைக்கு அவர் இன்னமும் 'அஞ்சா நெஞ்சர்' மட்டும்தான்.

கடைசியாக பைண்டிங். சூடான பசையை முதுகில் தடவி ஒட்டிய அட்டை இது. நாளாக ஆக இந்தப் பசை இறுகி, நடுப்பக்கத்தைத் திறந்ததும் வெடிக்கும். வந்த உடனே பிரித்துக் கட்டிவிடுவது நல்லது. பைண்டரிடம் வெறுமனே "கேலிகோ போடுங்க" என்றால் அதே முதுகில் துணி ஒட்டித் தந்துவிடுவார். பழைய பசையைச் சுரண்டச் சொல்லுங்கள். முதுகில் ரம்பத்தால் ஐந்தாறு வெட்டு, இரண்டு மில்லிமீட்டர் ஆழம், அதில் நூல் இழைத்து மேலே வெள்ளைப் பசை. அட்டைக்கு மைதாப் பசை என்றால் கொஞ்சம் மயில்துத்தம் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் ராமபாணப் பூச்சிக்கு விருந்துதான். ஒரு ராத்திரி முழுக்கப் பாரத்தின் கீழ் இருக்கட்டும். வரைபடத்தை மடித்து வைக்கப் பின்னட்டையின் உள்ளே ஒரு பை, கூடவே நாலு வெள்ளைத்தாள். 1865 அக்டோபரின் தேதிகளை அந்தத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.