டைனோ தாளில் 480 குதிரைத்திறன், ஃபில்டரில் பேரிங் தூள்: ஓல்ட்ஸ்மொபைல் 455 கட்டக் கொடுப்பவர்கள் கவனிக்க

வண்டி 1970 ஓல்ட்ஸ்மொபைல் விஸ்டா க்ரூசர், கூரையில் கண்ணாடி பதித்த அந்த நீள ஸ்டேஷன் வேகன். அதன் 455 எஞ்சினை (455 என்பது கன அங்குலத்தில் கொள்ளளவு) அமெரிக்காவில் ஒரு பட்டறை முழுதாகக் கட்டி, டைனோவில், அதாவது எஞ்சின் சக்தியை அளக்கும் கருவியில், ஓட்டிப் பார்த்து அனுப்பியது. பட்டறையின் பெயர் இங்கே வேண்டாம். இதே கைவரிசை வேறு இடங்களிலும் நடக்கும், அது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் போதும்.

பில்லில் இருந்தவை: சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கும் 30 தவ் போரிங் (தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று), E எழுத்து ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி), 10-க்கு 1 கம்ப்ரஷன் (எரிகலவையை அமுக்கும் விகிதம்), வால்வுகளைத் திறக்கும் புது கேம், கேம் மேல் உட்காரும் லிஃப்டர், டைனோவில் 480 குதிரைத்திறன். வண்டி 300 மைல் தாண்டவில்லை. எஞ்சின் சூடானதும் ஐடிலில் ஆயில் பிரஷர் 8 பிஎஸ்ஐ-க்கு இறங்கியது, ஒரு பக்கம் டிக் டிக் சத்தம். ஆயில் ஃபில்டரை வெட்டி விரித்தபோது மடிப்பெல்லாம் மினுமினுப்பு.

எஞ்சினைப் பிரிக்கும் முன்பே டைனோ தாளிலேயே பொய் பிடிபட்டிருக்கும். டார்க்கை (முறுக்குவிசை) ஆர்பிஎம்மால் (நிமிடச் சுற்று) பெருக்கி 5252-ஆல் வகுத்தால் குதிரைத்திறன். இதில் சலுகையே கிடையாது. தாளில் 4500 ஆர்பிஎம்முக்கு நேராக 510 பவுண்டு-அடி டார்க், 462 குதிரைத்திறன் என்று இருந்தது. கணக்குப் போட்டால் 437-தான் வரும். டைனோவின் கம்ப்யூட்டர் இந்தக் கணக்கில் தப்பாது. அப்படியென்றால் அந்த எண்களை யாரோ கையால் அடித்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே அளவுகோலில் வரைந்தால் டார்க் கோடும் பவர் கோடும் 5252-இல் வெட்டிக்கொள்ள வேண்டும். இங்கே 4900-இலேயே வெட்டிக்கொண்டன.

ஆயில் வெப்பநிலை, காற்று-எரிபொருள் விகிதம், கரெக்ஷன் ஃபேக்டர் (அன்றைய வானிலைக்கேற்ப எண்ணைத் திருத்தும் பெருக்கி) ஆகிய கட்டங்கள் காலி. கரெக்ஷன் எது என்று கட்டாயம் கேளுங்கள். பழைய எஸ்டிபி முறை 60 டிகிரி ஃபாரன்ஹீட், 29.92 அங்குலப் பாதரசத்தை வைத்துத் திருத்துவது. எஸ்ஏஇ ஜே1349 முறைக்கு 77 டிகிரி, 29.23 அங்குலம். ஒரே எஞ்சின்தான், ஆனால் முதல் முறையில் சுமார் 4 சதவீதம் கூடத் தெரியும். அது மோசடி ஆகாது. எந்த முறை என்று சொல்லாமல் விடுவதுதான் மோசடி.

அடுத்தது ஹெட். ஓல்ட்ஸ் ஹெட்டின் மூலையில் பெரிய எழுத்து ஒன்று வார்ப்பிலேயே இருக்கும். ஓட்டுநர் பக்க ஹெட்டில் அது முன்மூலையில், முதல் சிலிண்டருக்கு அருகில். பெயின்டைச் சுரண்டியதும் தெரிந்தது J. 1970-இன் 455-க்கு வந்தது E. J என்பது 1973 முதல் வந்த, கம்ப்ரஷனைக் குறைத்த காலத்து ஹெட். பெட்டியைத் திறந்த அன்றே டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

கம்ப்ரஷனையும் அளந்து பார்த்துவிடலாம். 455-இன் போர் (சிலிண்டர் விட்டம்) 4.126 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 4.250. 30 தவ் எடுத்தால் போர் 4.156 ஆகிறது. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு ஏறத்தாழ 945 சிசி. 10-க்கு 1 வேண்டுமென்றால் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மிச்ச இடம் 105 சிசி-தான் இருக்க வேண்டும். பிரித்து, ப்யூரெட்டில் திரவம் விட்டு அளந்தபோது ஹெட் சேம்பர் 80, கேஸ்கெட் 9.5, பிஸ்டன் தலை டெக்குக்கு (பிளாக்கின் மேல்தளம்) 25 தவ் கீழே நின்றதால் 5.5, பிஸ்டன் குழி 24. ஆக 119 சிசி. விகிதம் 8.9. குழி விழுந்த மலிவு பிஸ்டனைப் போட்டுவிட்டு 10 என்று எழுதியிருக்கிறார்கள்.

பேரிங்தான் பெரிய சேதம். 455-இன் மெயின் ஜர்னல், அதாவது பேரிங்கில் சுழலும் கிராங்க் தண்டின் பகுதி, 3 அங்குல விட்டம். ஜர்னல் பெரிதானால் பரப்பு வேகமும் கூடும், பேரிங்கில் ஆயில் அதிகமாகச் சூடாகும். அதனால் இந்த எஞ்சினுக்கு மெயினில் 2.5 முதல் 3 தவ் வரை இடைவெளி விடுவார்கள். இங்கே இருந்தது 1.5. டைனோ வீடியோவில் 65 பிஎஸ்ஐ காட்டி மார்தட்டியது இந்த இறுக்கத்தையும் சூடாகாத ஆயிலையும் வைத்துத்தான். ஆயில் 180 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டிய பிறகு காட்டும் பிரஷருக்கு மட்டுமே மதிப்பு. கிராங்க் தண்டைப் பிடிக்கும் மெயின் கேப் ஐந்தின் போல்ட்டுகளையும் 120 பவுண்டு-அடிக்கு முடுக்க வேண்டும். இங்கே 80-தான் போட்டிருந்தார்கள் போல, போல்ட்டுகள் அவ்வளவு இலகுவாகக் கழன்றன. ஓல்ட்ஸ் வேலை தெரிந்தவர் செய்யாத தவறு இது. செவ்ரோலே பழக்கத்தில் கட்டியிருக்கிறார்கள் என்பது என் ஊகம்.

அந்த ஊகத்துக்கு இன்னொரு சாட்சி புஷ்ராடு, லிஃப்டரின் அசைவை மேலே வால்வை அமுக்கும் ராக்கருக்குக் கொண்டுபோகும் கம்பி. செவ்ரோலே ஸ்மால் பிளாக்கில் ராக்கர் நட்டைத் திருகி லிஃப்டர் அழுத்தத்தைச் சரிசெய்துகொள்ளலாம். ஓல்ட்ஸில் ராக்கர் மேடை மேல் உட்கார்ந்து முடுக்கினால் முடிந்தது, திருக எதுவும் இல்லை. ஹெட்டைச் சீவினாலோ, வால்வ் சீட்டை ஆழமாக வெட்டினாலோ, பழைய நீளப் புஷ்ராடு லிஃப்டரை அடிவரை அமுக்கி வால்வை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும். நீளம் மாற்றக்கூடிய அளவு புஷ்ராடை வைத்துப் பார்த்து, லிஃப்டருக்குள் 20 முதல் 40 தவ் அமுக்கம் வருகிற நீளத்தில் வாங்க வேண்டும். இங்கே பழையதையே போட்டிருந்தார்கள். சிலிண்டருக்குள் காற்றடித்துக் கசிவை அளக்கும் லீக்டவுன் சோதனையில் இரண்டு சிலிண்டர்களில் 30 சதவீதக் கசிவு, கார்புரேட்டர் வழியாகச் சீறியது. புதிதாகக் கட்டிய எஞ்சினில் 10-க்குக் கீழே இருக்க வேண்டும்.

டிக் டிக் சத்தம் கேமிலிருந்து வந்தது. மூன்று லோப் (கேமின் மேடு) தேய்ந்து உருண்டையாகிவிட்டன. ஃப்ளாட் டாப்பெட் கேமை (தட்டை அடி லிஃப்டர் உரசி ஓடுவது) முதல் முறை ஸ்டார்ட் செய்ததும் ஐடிலில் விடக்கூடாது. துத்தநாகச் சேர்மம் நிறைந்த பிரேக்-இன் ஆயில் ஊற்றி, 2000 முதல் 2500 ஆர்பிஎம் வரை ஏற்றி இறக்கி 20-30 நிமிடம் ஓட்ட வேண்டும். இரட்டை வால்வ் ஸ்பிரிங் என்றால் அதுவரை உள் ஸ்பிரிங்கைக் கழற்றி வைக்க வேண்டும். அதற்கு முன்னால், டிஸ்ட்ரிபியூட்டர் ஓட்டை வழியாக 5/16 அங்குல அறுகோணக் கம்பியை விட்டு, டிரில்லை எதிர்த்திசையில் ஓட்டி, எல்லா ராக்கரிலும் ஆயில் வரும்வரை பம்ப்பைச் சுழற்ற வேண்டும். ஓல்ட்ஸ் டிஸ்ட்ரிபியூட்டர் இடப்பக்கமாகச் சுற்றுவதால் அந்தத் திசை. அவர்களே அனுப்பிய வீடியோவில் எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் நிற்க, ஒருவர் நிதானமாக டைமிங் லைட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்! கேம் அங்கேயே போய்விட்டது.

கொடுக்கும் முன்பே எழுத்தில் வாங்க வேண்டியவை: ஒவ்வொரு மெயினுக்கும் ராடுக்கும் அளந்த இடைவெளி, போருக்கும் பிஸ்டனுக்குமான இடைவெளி, டார்க் பிளேட் (ஹெட்டுக்குப் பதில் முடுக்கும் கனத்த தகடு) மாட்டி ஹோனிங் (சிலிண்டர் சுவரை மெருகேற்றுவது) செய்தார்களா, ரிங் கேப், அதாவது பிஸ்டன் ரிங்கின் முனைகளுக்கு இடையிலான இடைவெளி (இந்தப் போருக்கு மேல் ரிங்கில் சுமார் 18-19 தவ்), டெக் உயரம், சேம்பர் சிசி, புஷ்ராடு நீளம். டைனோவிலிருந்து அச்சுத்தாள் போதாது, மூலக் கோப்பையே கேளுங்கள். கழற்றிய பழைய பாகங்களையும் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள், E ஹெட் யாரிடம் போனது என்ற கேள்விக்கு அப்போதுதான் பதில் கிடைக்கும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் உடனே ஸ்பேனரை எடுக்க வேண்டாம். “வேறொருவர் பிரித்தால் வாரன்டி கிடையாது” என்று பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். லீக்டவுன் அளவு, சூடான ஆயில் பிரஷர், வெட்டிய ஃபில்டர், ஹெட் எழுத்து ஆகியவற்றைத் தேதியோடு படமெடுத்து முதலில் எழுத்தில் புகார் அனுப்புங்கள். கட்டிய பட்டறை பதில் தர மறுத்த பிறகு, சம்பந்தமில்லாத வேறொரு மெஷின் ஷாப்காரர்கள் கையாலேயே பிரிக்கச் சொல்லி, ஒவ்வொரு அளவையும் அந்த ஷாப்பின் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள்.